ஈரலில் படியும் கொழுப்பும் பரம்பரையின் பங்கும்

கொழும்பில் வாழும் எம்மவர் மத்தியில் அண்மைக் காலமாக மிகச் சாதாரணமாகப் புழங்கும் மருத்துவச் சொற்களுள் ஒன்று 'கொழுப்பு ஈரல்' என்பதாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வயிற்று வலி என்றும் பித்தப்பைக் கல் என்றும் ஸ்கேன் பரிசோதனைக்குச் செல்லும் ஒருவரின் அறிக்கையில், அவர் சற்றும் எதிர்பாராத விதமாக இச்சொல்லும் இடம்பெற்று விடுகின்றது. வலி எதுவுமில்லை, உடனடித் தொல்லை எதுவுமில்லை. ஆகவே அறிக்கை அலுமாரிக்குள் போய்விடுகின்றது.

இந்நோய் குறித்து எமது சமூகங்களில் இரண்டு விதமான எண்ணங்கள் நிலவுவதை நாம் அவதானிக்க முடிகின்றது. "எங்கள் பரம்பரையே இப்படித்தான், அப்பாவுக்கும் இருந்தது, பெரியப்பாவுக்கும் இருந்தது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிப்பது ஒன்று. ஈரல் கெட்டது என்ற செய்தி வெளியில் தெரிந்ததும், "இவர் இரகசியமாகக் குடித்திருப்பார்" என்று அயலவர் முணுமுணுப்பது மற்றொன்று. வாழ்நாளில் ஒரு துளி மதுவையும் தொட்டறியாத முஸ்லிம் பெரியவர் ஒருவரும், விரதம் தவறாத சைவக் குடும்பத்துத் தாய் ஒருவரும் இத்தகைய சந்தேகத்துக்கு ஆளாவது எத்துணை வேதனையானது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. முதலாவது எண்ணம் நோயாளியைச் செயலற்றவராக்குகின்றது. இரண்டாவது எண்ணம் அவரை வைத்தியரிடம் செல்லவும் கூச்சப்பட வைக்கின்றது. மரபணுக்கள் பற்றி விஞ்ஞானம் கடந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கண்டறிந்துள்ள உண்மைகள் இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டுகின்றன.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நாம் உண்ணும் உணவில் உடனடியாகச் செலவாகாத சக்தியைப் பதப்படுத்திப் பங்கிடும் பணியை ஆற்றுவது ஈரலாகும். தேவைக்கு மிஞ்சிய சீனியையும் மாப்பொருளையும் அது கொழுப்பாக மாற்றுகின்றது. அக்கொழுப்பின் பெரும் பகுதி குருதியினூடாக வெளியே அனுப்பப்பட வேண்டும் அல்லது எரிக்கப்பட வேண்டும். வரவு கூடி, செலவு குறையும்போது கொழுப்பு ஈரற் கலங்களுக்குள்ளேயே துளித்துளியாகத் தேங்குகின்றது. இவ்வாறு தேங்கும் கொழுப்பு ஈரலில் 5 சதவீதத்தைத் தாண்டும் நிலையையே வைத்தியர்கள் கொழுப்பு ஈரல் என்கின்றனர்.

இத்தகையோரில் பெரும்பாலானோருக்கு நோய் அந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றது. ஒரு பகுதியினருக்கு மாத்திரம் கொழுப்பைத் தொடர்ந்து அழற்சியும், அழற்சியைத் தொடர்ந்து நார்த்தழும்புகளும் உண்டாகின்றன. தழும்புகள் பெருகி ஈரல் இறுகிச் சுருங்கும் நிலையே 'சிரோசிஸ்' எனப்படுவது. அங்கிருந்து ஈரல் செயலிழப்பும் ஈரல் புற்றுநோயும் அதிக தொலைவில் இல்லை. இப்பயணத்துக்குப் பத்து, இருபது ஆண்டுகளும் எடுக்கலாம். அக்காலத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தென்படுவதில்லை என்பதே இந்நோயின் வஞ்சகமாகும்.

நீண்டகாலமாக இந்நோய் 'மதுசாரம் சாராத கொழுப்பு ஈரல் நோய்' என்றே அழைக்கப்பட்டு வந்தது. 2023ஆம் ஆண்டில் சர்வதேச ஈரல் நிபுணர்கள் ஒன்றுகூடி அப்பெயரை மாற்றி, 'அனுசேபக் கோளாறு சார்ந்த' கொழுப்பு ஈரல் நோய் எனப் பெயரிட்டனர். உணவை உடல் சக்தியாக்கிப் பயன்படுத்தும் செயற்பாடே அனுசேபமாகும். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், வயிற்றுப் பருமன், குருதிக் கொழுப்பு ஆகியவற்றுடன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நோய் இது என்பதைப் புதிய பெயர் உணர்த்துகின்றது. பழைய பெயரிலிருந்த மதுசாரம் என்ற சொல் நோயாளிகளுக்கு இழைத்த அவமானத்தைத் தவிர்ப்பதும் அம்மாற்றத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இது மேலைநாட்டவரின் நோய், எமக்கு எட்டாத ஆய்வு என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கொழும்புக்கு மிக அண்மையிலுள்ள ராகமயில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஜப்பானிய ஆய்வாளர்களின் ஒத்துழைப்புடன் 2007ஆம் ஆண்டில் பெரியதொரு சமூக ஆய்வை ஆரம்பித்தது. பேராசிரியர் ஜானக டி சில்வா உள்ளிட்ட குழுவினர் 35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் மூவாயிரம் பேரை வைத்தியசாலையிலிருந்து அல்லாமல், வாக்காளர் பட்டியலிலுள்ள சாதாரண பொதுமக்களிலிருந்து தெரிவு செய்து பரிசோதித்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மதுவுடன் தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் காணப்பட்டது. நோயாளி என்று தம்மை ஒருபோதும் கருதியிராத மக்களிடையே காணப்பட்ட எண்ணிக்கை இது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த ஆய்வு அத்துடன் நின்றுவிடவில்லை. அதே மக்களை ஏழு ஆண்டுகளின் பின்னர் 2014இல் மீண்டும் அழைத்துப் பரிசோதித்தபோது, முன்னர் ஈரல் சீராக இருந்தவர்களில் கிட்டத்தட்ட அரைப்பங்கினருக்கு அந்த இடைவெளியில் புதிதாகக் கொழுப்பு படிந்திருந்தமை தெரியவந்தது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களிடையே நீரிழிவு புதிதாகத் தோன்றும் வேகமும் ஏனையோரை விட அதிகமாகக் காணப்பட்டது. 2018 - 2019 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையின் வயது வந்தோரில் சுமார் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு உண்டு எனக் கணித்தது. இவ்விரு நோய்களும் கைகோர்த்து நடப்பவை என்பதால் இத்தகவல்களை ஒருங்கே வைத்து நோக்குவது அவசியமாகும்.

இங்குதான் ஒரு கேள்வி எழுகின்றது. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்த சோற்றையும் கறியையும் உண்டு வளர்ந்த இரு சகோதரர்களில், ஒருவருக்கு ஈரல் சுருங்கிப் போகின்றது, மற்றவருக்கோ எதுவுமில்லை. ஏன்? தொந்தி பெருத்த ஒருவர் சுகமாக இருக்க, மெலிந்த தோற்றமுடைய ஒருவரின் ஸ்கேன் அறிக்கையில் கொழுப்பு ஈரல் என்று எழுதப்பட்டிருக்கின்றது. ஏன்? இக்கேள்விகளுக்கான விடையின் ஒரு பகுதியே மரபணுக்களில் உள்ளது.

மரபணு என்பது பாடசாலைப் பாடநூல்களில் பரம்பரையலகு எனப்படுவதாகும். உடலின் ஒவ்வொரு புரதத்தையும் எவ்வாறு தயாரிக்க வேண்டும் என்ற குறிப்பு அதில் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொரு மரபணுவிலும் எம்மிடம் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று தந்தை வழி வந்தது. மற்றது தாய் வழி வந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள டலஸ் நகரில் ஹெலன் ஹொப்ஸ், ஜொனதன் கோஹன் ஆகிய விஞ்ஞானிகளின் குழு, பல இனத்தவரும் வாழும் அந்நகர மக்களின் ஈரற் கொழுப்பை அளந்து, அவர்களது மரபணுக்களுடன் ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். 22ஆவது நிறமூர்த்தத்திலுள்ள 'பீ.என்.பீ.எல்.ஏ.3' என்ற மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பவர்களின் ஈரலில் கொழுப்பு அதிகமாகத் தேங்குவதை அவர்கள் கண்டனர். மாறிய பிரதி இரண்டையும் பெற்றவர்களின் ஈரற் கொழுப்பு, அது ஒன்றேனும் இல்லாதவர்களின் அளவை விட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது.

ஒரு எழுத்து மாறுவதால் என்ன நேர்ந்துவிடும் எனச் சிலர் கேட்கலாம். அந்த மாற்றத்தின் விளைவாக, குறித்த புரதத்தின் 148ஆவது இடத்தில் இருக்க வேண்டிய அமினோவமிலம் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று வந்து அமர்கின்றது. இயல்பான நிலையில் அப்புரதம் தனது பணி முடிந்ததும் அகற்றப்பட்டு விடும். மாறிய புரதமோ அகற்றப்படாமல் கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பில் குவிந்து கிடக்கின்றது. அங்கு கொழுப்பைக் கரைக்க வரும் ஏனைய நொதியங்களின் வேலைக்கும் அது இடையூறாகி விடுகின்றது. களஞ்சியத்தின் கதவை மறித்துக்கொண்டு வேலையற்ற காவலாளி ஒருவர் நிற்பதைப் போன்றது இது. பொருட்கள் உள்ளே வருகின்றன; வெளியே போக வழியில்லை.

இந்த மரபணு எமது மண்ணிலும் அதே வேலையைச் செய்கின்றதா என்பதையும் ராகம ஆய்வாளர்கள் பரிசோதித்துள்ளனர். வேறு நாடுகளில் கொழுப்பு ஈரலுடன் தொடர்புடையவை எனக் கூறப்பட்ட பல மரபணு மாற்றங்களை அவர்கள் ராகம மக்களிடம் தேடிப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 'பீ.என்.பீ.எல்.ஏ.3' மரபணுவின் தொடர்பே இலங்கையில் உறுதியானது. ஏழு ஆண்டுகளின் பின்னர் புதிதாகக் கொழுப்பு படிந்தவர்களை ஆராய்ந்தபோதும் அதே மரபணுவின் பங்கு தென்பட்டது. எனவே இது எங்கோ டலஸ் நகரத்துச் செய்தி மட்டுமன்று.

எம்மவரில் எத்தனை பேரிடம் இம்மாற்றம் உள்ளது? உலகின் பல்வேறு மக்களது மரபணுக்களைத் தொகுத்த 'ஆயிரம் மரபணுத்தொகுதிகள்' எனும் சர்வதேசத் திட்டத்தில், தெற்காசியாவைச் சேர்ந்த ஐந்து மக்கள் குழுக்கள் இடம்பெற்றன. பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்கள் அவற்றுள் ஒன்று என்பது பலரும் அறியாத செய்தியாகும். தெற்காசியர் அனைவரையும் சேர்த்து நோக்கும்போது, இம்மரபணுவின் பிரதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மாறிய வடிவமாகும். இக்கணக்கின்படி நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் சுமார் 56 பேரிடம் மாறிய பிரதி எதுவுமிராது. 38 பேரளவில் ஒரு பிரதி இருக்கும். ஆறு பேரிடம் இரண்டும் இருக்கும். தாயும் தந்தையும் ஒவ்வொரு மாறிய பிரதியை வைத்திருந்தால், அவர்களது ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டும் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்றும் கிடைக்காதிருக்கவும் அதே நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மேலே குறிப்பிட்ட இரு சகோதரர்களுக்கிடையிலான வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இது ஓரளவு உதவும்.

தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களிலும் மச்சான் - மச்சாள் திருமணம் வழக்கிலிருப்பதால், அதுவே இந்நோய்க்குக் காரணமா என்ற வினாவும் எழக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். சொந்தமல்லாத பெற்றோரின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஆறு பேரளவில் இரண்டு மாறிய பிரதிகளையும் பெறுவர் என்றால், உடன்பிறந்தாரின் பிள்ளைகள் மணந்த பெற்றோரின் பிள்ளைகளில் அது நூற்றுக்கு ஏழு அல்லது ஏழரை அளவாகும். அரிதான பரம்பரை நோய்களில் சொந்தத் திருமணத்தின் விளைவு பாரதூரமானது என்பது உண்மையே. ஆனால், இத்துணை பரவலாக உள்ள ஒரு மாற்றத்தில் அதன் பங்கு சிறியது. ஆகவே கொழுப்பு ஈரலுக்காகப் பெற்றோரின் திருமணத்தைக் குறைகூறிப் பயனில்லை.

மரபணுக்களின் பங்கு மொத்தத்தில் எவ்வளவு? அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 60 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, ஈரற் கொழுப்பிலும் நார்த்தழும்பிலும் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ அரைப்பங்கு பரம்பரையால் விளக்கப்படுகின்றது. அதே நகரில் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு மேலும் கவனத்துக்குரியது. கொழுப்பினால் ஈரல் சுருங்கிய நோயாளிகளின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் ஆகியோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு முற்றிய நார்த்தழும்பு காணப்பட்டது. ஏனையோரில் அது நூற்றுக்கு இரண்டு பேரையும் எட்டவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவரின் ஈரல் சுருங்கியிருப்பின், அது ஏனையோருக்கான எச்சரிக்கை மணி என்பதே இதன் பொருள்.

தீமை செய்யும் மாற்றங்கள் மட்டுமே உள்ளன என்றும் கொள்ளலாகாது. ஈரலை நார்த்தழும்பிலிருந்து ஓரளவு காக்கும் மரபணு மாற்றம் ஒன்றும் 2018ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆக, பல மரபணுக்கள் இருபுறமும் நின்று கயிறிழுக்கின்றன. அவற்றுள் மிகப் பலம் வாய்ந்ததாக இன்றுவரை அறியப்பட்டது 'பீ.என்.பீ.எல்.ஏ.3' ஆகும்.

பரம்பரை அரைப்பங்கு என்றால் மிகுதி அரைப்பங்கு எம் கையில் உள்ளது என்று கூறி இங்கு முடித்துவிடலாம். ஆனால் உண்மை அதைவிடவும் நம்பிக்கையூட்டுவதாகும். ஏனெனில் பரம்பரையும் பழக்கமும் தனித்தனியே நின்று இயங்குபவை அல்ல. மரபணுவின் கெடுதி வெளிப்படுவதற்கே பெரும்பாலும் எமது பழக்கத்தின் துணை தேவைப்படுகின்றது.

இதற்கு மிகத் தெளிவான சான்று எலிகளிடமிருந்து கிடைத்தது. மனிதரில் காணப்படும் அதே மரபணு மாற்றத்தை விஞ்ஞானிகள் எலிகளில் உண்டாக்கினர். சாதாரண தீனி உண்டபோது அந்த எலிகளின் ஈரலில் கொழுப்புக் கூடவில்லை. சீனி நிறைந்த தீனியைக் கொடுத்த பின்னரே கொழுப்பு தேங்கியது. இதற்குக் காரணமும் உண்டு. சீனியும் மாப்பொருளும் மிகும்போதும் இன்சுலின் சுரப்பு உயரும்போதும் ஈரல் இப்புரதத்தை அதிகமாகத் தயாரிக்கின்றது. அதாவது, கதவை மறிக்கும் காவலாளிகளை மேலும் மேலும் வரவழைப்பது நாம் உண்ணும் சீனியே.

மனிதரிலும் நிலைமை இதுவே. 2017ஆம் ஆண்டில் டலஸ் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வொன்று, உடற்பருமன் கூடக்கூட இம்மரபணுவின் தீமை பன்மடங்காகப் பெருகுவதையும், உடல் மெலிந்தவர்களிடம் அது அடங்கியிருப்பதையும் காட்டியது. இதன் மறுபக்கம் மேலும் வியப்புக்குரியது. பின்லாந்தில் நடைபெற்று 2011இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், மாறிய பிரதி இரண்டும் உடையவர்களும் அது சற்றும் இல்லாதவர்களும் ஆறு நாட்களுக்கு மாப்பொருள் குறைந்த உணவை உண்டனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவு எடையையே இழந்தனர். ஆனால் மரபணு மாற்றம் இல்லாதவர்களின் ஈரற் கொழுப்பு 18 சதவீதத்தால் குறைய, மாற்றம் உடையவர்களின் கொழுப்பு 45 சதவீதத்தால் குறைந்தது. பரம்பரை எவரைக் கூடுதலாகத் தண்டிக்கின்றதோ, அவருக்கே முயற்சியின் பலனும் கூடுதலாகக் கிட்டுகின்றது. "எங்கள் பரம்பரையே இப்படித்தான்" என்று கூறுபவரே முதலில் எழுந்து நடக்க வேண்டியவர் என்பதை இதைவிடத் தெளிவாக எவராலும் கூற முடியாது.

மெலிந்த தோற்றம் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. தெற்காசியர் கை, கால் மெலிந்திருந்தும் வயிற்றினுள்ளே கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இயல்பினர். இதனால்தான் உடற்திணிவுச் சுட்டெண் 25 என்பது உலகளாவிய எல்லையாக இருக்க, ஆசிய நாட்டவருக்கு 23இலிருந்தே அபாயம் தொடங்குவதாகக் கொள்ளப்படுகின்றது. இடுப்புச் சுற்றளவும் அவ்வாறே. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பன எமக்குரிய எல்லைகளாகும். ராகம ஆய்விலும் மெலிந்தோர் சிலரிடம் கொழுப்பு ஈரல் காணப்பட்டது. ஆனால் புதிதாக நோய் தோன்றியவர்களில் வயிற்றுப் பருமனும் இடைப்பட்ட ஆண்டுகளில் கூடிய எடையுமே முக்கிய காரணிகளாக இருந்தன. தராசை விடத் தையற்காரரின் அளவு நாடாவே எமது ஈரலைப் பற்றி உண்மை பேசும் எனலாம்.

மதுவைப் பற்றிய சந்தேகத்துக்கும் இப்போது விடை கூறலாம். ஒரு துளி மதுவும் அருந்தாதவரின் ஈரல் சுருங்குவதற்கு மரபணு, நீரிழிவு, வயிற்றுப் பருமன், சீனி ஆகியவையே போதுமானவை. எனவே நோயாளியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்க அயலவர் எவருக்கும் உரிமையில்லை. அதேவேளை, இதே மரபணு மாற்றம் மது அருந்துபவரின் ஈரலையும் விரைவாகச் சிரோசிசுக்கு இட்டுச் செல்கின்றது என்பது நிரூபிக்கப்பட்டுள்ளது. குடும்பத்தில் ஈரல் நோய் உள்ளவர்கள் 'அளவாகக் குடிக்கின்றோம்' என்று சமாதானம் கூறிக்கொள்வது ஆபத்தானதாகும்.

அப்படியாயின் எமது சமையலறையில் என்ன மாற வேண்டும்? காலையில் பாணும் இடியப்பமும், மதியம் குவித்த சோறு, மாலையில் றோல்சும் பற்றிசும், இரவில் கொத்து ரொட்டி என்பதே இன்றைய நகரத்துக் குடும்பங்கள் பலவற்றின் நாளாந்த உணவாகிவிட்டது. இடையிடையே இரண்டு, மூன்று கரண்டி சீனியுடன் நான்கைந்து கோப்பை தேநீர். வெண்சோற்றையும் கோதுமை மாவையும் அரைப்பங்காக்கி, அந்த இடத்தைப் பருப்பு, கீரை, மரக்கறி, மீன் ஆகியவற்றால் நிரப்புவது செலவு மிகுந்த காரியமன்று. சோடாவையும் பெட்டிகளில் அடைத்த பழரசங்களையும் வீட்டுக்குள் கொண்டுவராமலிருப்பது செலவைக் குறைக்கும் காரியமாகும். மென்பானங்களில் அடங்கிய சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் குறிக்கும் நடைமுறை 2016ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் அமுலுக்கு வந்தது. சிவப்பு அடையாளத்தைக் கண்டும் அதனைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்போர் அதன் பொருளைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

மிதமான உணவை வலியுறுத்தாத சமயம் எம்மிடையே எதுவுமில்லை. சைவர்களின் விரதங்களும் கத்தோலிக்கர்களின் தவக்காலமும் முஸ்லிம்களின் ரமழான் நோன்பும் பசியடக்கத்தைப் பயிற்றுவிப்பவை. பகல் முழுவதும் நோன்பிருந்து, இப்தார் வேளையில் எண்ணெயில் பொரித்தவற்றையும் இனிப்புப் பானங்களையும் அளவின்றி உட்கொள்வதால் ஈரலுக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வு வீணாகின்றது. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் பின்னர் அளவான உணவும் என அமைத்துக்கொண்டால், அம்மாதம் முடிவில் இடுப்பளவு குறைந்திருக்கும். விரதத்தை முறித்ததும் வடையும் பாயசமுமாக ஈடுசெய்யும் இந்துக் குடும்பங்களுக்கும் இக்கருத்து பொருந்தும். நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் நோன்புக்கு முன்னர் வைத்தியரைக் கலந்தாலோசிப்பது கட்டாயமாகும்.

எடையைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்று அஞ்சத் தேவையில்லை. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நான்கு கிலோகிராம் குறைத்தாலே ஈரற் கொழுப்பு குறையத் தொடங்கும். ஆறு முதல் எட்டு கிலோகிராம் வரை குறைத்தால் அழற்சியும் தணியும். 2015இல் வெளியான கியூபா நாட்டு ஆய்வொன்றில், தமது எடையில் பத்திலொரு பங்கையோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் கிட்டத்தட்ட அரைப்பங்கினருக்கு நார்த்தழும்புகளே பின்வாங்கியிருந்தன. நாளொன்றுக்கு அரை மணித்தியால வேக நடையும் இதற்குத் துணைபுரியும். வெள்ளவத்தையில் வாழ்வோருக்குக் கடலோரமாகச் செல்லும் மரைன் டிரைவ் வீதி காலை, மாலைகளில் திறந்தே கிடக்கின்றது. நெருக்கமான ஒழுங்கைகளைக் கொண்ட கொட்டாஞ்சேனை வாசிகளுக்கு அத்தகைய வசதி குறைவென்பதை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். வட கொழும்பில் மக்கள் நடப்பதற்கேற்ற வெளிகளை ஏற்படுத்திக் கொடுப்பது மாநகர சபையின் பொறுப்பாகும். பூங்காவும் நடைபாதையும் அழகுக்கானவை மட்டுமல்ல, அவை மருந்தகங்களுமாகும்.

பரிசோதனை விடயத்திலும் தெளிவு வேண்டும். பெற்றோரில் அல்லது உடன்பிறந்தோரில் ஒருவருக்கு ஈரல் சுருங்கியிருப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், இடுப்பளவு எல்லை மீறியவர்கள் ஆகியோர் வைத்தியரை நாட வேண்டும். வயது, எஸ்.ஜீ.ஓ.ரி., எஸ்.ஜீ.பீ.ரி., குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு 'பிப்-4' என்ற சுட்டெண்ணை வைத்தியர் சில வினாடிகளில் கணித்துவிட முடியும். அது 1.3க்குக் குறைவாயின் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. கூடுமாயின் மேலதிக பரிசோதனை தேவை. இவை சாதாரண குருதிப் பரிசோதனைகளே. சுகாதார அமைச்சு 2011ஆம் ஆண்டிலிருந்து நிறுவத் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் எடை, குருதியமுக்கம், குருதியிலுள்ள சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா எனக் கேட்பவர்களும் உளர். சாதாரண நோயாளிக்கு அது இன்று அவசியமில்லை. முடிவு எதுவாயினும் வைத்தியர் கூறப்போகும் அறிவுரை ஒன்றேயாகும். அதைவிட முக்கியமாக, இத்தகைய பரிசோதனைகள் நாளை திருமணப் பேச்சுகளில் சாதகக் குறிப்பைப் போன்று கேட்கப்படும் நிலை ஒருபோதும் உருவாகிவிடக் கூடாது. நூறு பேரில் நாற்பத்து நான்கு பேரிடம் இருக்கக்கூடிய ஒரு மாற்றத்தைக் காரணம் காட்டிப் பெண்ணையோ மாப்பிள்ளையையோ தட்டிக் கழிப்பது அறியாமையாகும்.

மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன என்பதும் உண்மையே. நார்த்தழும்பு உண்டானவர்களுக்கென அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்தல் அமைப்பு 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'ரெஸ்மெற்றிரோம்' என்ற மருந்துக்கும், 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 'செமகுளுடைட்' என்ற ஊசி மருந்துக்கும் அனுமதி அளித்தது. ஆயினும் இவை விலையுயர்ந்தவை. உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் சேர்த்தே பரிந்துரைக்கப்படுபவை. ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை எமது நாட்டிலும் நடைபெறுகின்ற போதிலும், தானமாக ஈரல் கிடைப்பது அரிதிலும் அரிது. ஆகவே நோய் முற்றும்வரை காத்திருப்பது விவேகமாகாது.

பரம்பரை என்பது எமது முன்னோர் எமக்கு விட்டுச் சென்ற காணியைப் போன்றது. அதன் மண்வளத்தை நாம் தெரிவு செய்யவில்லை. அதில் எதனைப் பயிரிடுவது என்பது எம்மைச் சார்ந்தது. கொழுப்பு ஈரல் என்று எழுதப்பட்ட அறிக்கையொன்று இன்று எந்த வீட்டு அலுமாரியில் கிடந்தாலும், அதனை வெளியே எடுத்துக் குடும்பத்தினர் அனைவரும் பார்க்கட்டும். அது ஒருவரின் ஒழுக்கம் குறித்த தீர்ப்பும் அல்ல. தலைவிதி குறித்த தீர்ப்பும் அல்ல. ஒரே இரத்தத்தைப் பகிர்ந்துகொண்டோர், தமது உணவையும் நடையையும் ஒன்றாகவே திருத்திக்கொள்ள விடுக்கப்பட்ட அழைப்பே அது என்பதை எம்மவர் உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.